கேட்டதும் வேண்டியதும்: சந்தைப்படுத்தலுக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தமிழில் ‘வேண்டும்’ என்பது கொஞ்சம் வில்லங்கமான சொல். “எனக்கு அந்தச் சிவப்புச் சட்டைதான் வேண்டும்” என்கிறோம். “காயத்துக்குத் தையல் போட வேண்டும்” என்றும் சொல்கிறோம். முதலாவது ஆசை, இரண்டாவது அவசியம். இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டோம். அன்றாடப் பேச்சில் இதனால் தொல்லை எதுவும் இல்லை. ஆனால் ஒரு பொருளையோ சேவையையோ நாலு பேரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலைக்கு வந்துவிட்டால், எதிரில் இருப்பவர் சொல்லும் ‘வேண்டும்’ எந்த வேண்டும் என்று பிரித்துக் கேட்கும் காது தேவைப்படுகிறது.

புதிதாக வருபவர்களை நான் இரண்டு கூட்டமாகப் பார்க்கிறேன். முதல் கூட்டத்தார் தங்கள் துறையில் கெட்டிக்காரர்கள். மக்களுக்கு எது நல்லது என்று அவர்களுக்குத் தெரியும், அதையே சொல்லிக்கொண்டிருப்பார்கள், யாரும் நின்று கேட்க மாட்டார்கள். இரண்டாவது கூட்டத்தார் மக்கள் எதைக் கேட்டாலும் தலையாட்டிக் கொடுப்பார்கள். கூட்டம் சேரும், வந்த வேகத்தில் கலைந்தும் போகும். நான் முதல் கூட்டத்தில் இருந்தவன். அதனால் அந்தப் பக்கத்துத் தவறுகளை இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்லப்போகிறேன்.

சிறு அளவில் சுயதொழில் செய்பவர்களுக்கான கணக்கு மென்பொருள் ஒன்றுக்கு விளம்பர வாசகங்கள் எழுதும் வேலை எனக்கு வந்தது. அன்றாடம் வரவு செலவை எழுதிவைக்காததால் தொழிலே முடங்கிப்போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். எனவே உற்சாகமாக எழுதினேன். நான் அனுப்பிய முதல் மின்னஞ்சலின் தலைப்பு, “தினசரிக் கணக்கின் ஐந்து நன்மைகள்”. ஐந்தும் உண்மையான நன்மைகள்தான். திறந்து பார்த்தவர்கள் மிகச் சிலர். அவர்களிலும் சிலர் எங்கள் நிறுவனத்திலேயே வேலை பார்ப்பவர்கள் என்று பிறகு தெரிந்தது.

முதலில் காது, பிறகு பேனா

எழுத உட்காருவதற்கு முன்பு செய்ய வேண்டிய வேலை, மக்கள் தங்கள் வாயால் சொன்னதைச் சேகரிப்பது. இதற்குப் பெரிய ஆய்வெல்லாம் வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். விரித்தால் தெரியும் இரண்டு பக்கங்களில் இடப்பக்கத்துக்கு ‘கேட்டது’ என்றும் வலப்பக்கத்துக்கு ‘வேண்டியது’ என்றும் தலைப்பிடுங்கள். முதல் சில நாட்களுக்கு இடப்பக்கத்தை மட்டும் நிரப்புங்கள். வலப்பக்கம் காலியாகவே கிடக்கட்டும். இங்கேதான் பலருக்குக் கை துறுதுறுக்கும். வாடிக்கையாளர் பேசி முடிப்பதற்குள் “இவருக்கு உண்மையில் வேண்டியது என்னவென்றால்…” என்று எழுதத் தோன்றும். அடக்கிக்கொள்ளுங்கள்.

இடப்பக்கத்துக்கான சொற்கள் நான்கைந்து இடங்களில் தானாகவே கொட்டிக் கிடக்கின்றன. வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு வரும் கடிதங்கள், தொலைபேசியில் முதல் அரை நிமிடத்தில் சொல்லப்படுபவை, உங்கள் தளத்தின் தேடல் பெட்டியில் தட்டச்சு செய்யப்படும் சொற்கள், போட்டியாளரின் பொருளைப் பற்றி மக்கள் எழுதும் குறைகள், பணத்தைத் திருப்பிக் கேட்பவர்கள் சொல்லும் காரணம். இவற்றில் கடைசியாகச் சொன்னதை ஆர்வமாகப் படிப்பவர்கள் குறைவு. என்னைக் கேட்டால் அதுதான் தங்கச் சுரங்கம். ஒருவர் எதை எதிர்பார்த்து வந்தார் என்பதை, அது கிடைக்காமல் திரும்பும்போதுதான் ஒளிவுமறைவில்லாமல் சொல்வார்.

நேரில் பேசக் கிடைத்தால் “உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு மக்கள் நல்ல பிள்ளையாகப் பதில் சொல்வார்கள். “ஒழுங்காகக் கணக்கு வைக்க வேண்டும், உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும், சேமிக்க வேண்டும்.” சொல்பவருக்கே அதில் பிடிப்பு இருக்காது. அதற்குப் பதிலாக, “இதைத் தேட ஆரம்பித்தீர்களே, அன்றைக்கு என்ன நடந்தது?” என்று கேளுங்கள். பதில் ஒரு சம்பவமாக வரும். சம்பவத்துக்குள் ஆசையும் எரிச்சலும் பயமும் பெயரோடு இருக்கும்.

எனக்குக் கண் திறந்தது ஒரு தொலைபேசி அழைப்பில்தான். வீடுகளுக்கு மின்வேலை செய்துகொடுப்பவர் ஒருவர் பேசினார். நான் வழக்கம்போல் வரவு செலவு, லாப நட்டம் என்று தொடங்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “சார், கணக்கெல்லாம் எனக்கு வேண்டாம். யார் யார் எனக்குப் பணம் தரவேண்டும் என்பதை மட்டும் உங்கள் செயலி காட்டுமா? நேற்று ஒருவரிடம் போய்க் கேட்டேன். போன மாதமே கொடுத்துவிட்டேனே என்கிறார். எனக்கு நினைவில்லை. தலைகுனிந்து திரும்பி வந்தேன்.”

அதை அப்படியே இடப்பக்கத்தில் எழுதினேன். ‘தலைகுனிந்து’ என்ற சொல்லையும் சேர்த்து. மக்கள் சொன்னதை உங்கள் துறையின் சொல்லுக்கு மாற்றி எழுதாதீர்கள். அவர் சொன்னதை ‘நிலுவை மேலாண்மை’ என்று நான் எழுதியிருந்தால், அந்தத் தலைகுனிவு காணாமல் போயிருக்கும், அதோடு விளம்பரமும்.

வலப்பக்கத்தை எழுதும்போது உங்களையே சந்தேகியுங்கள்

இடப்பக்கம் நிறைந்த பிறகு வலப்பக்கத்துக்கு வரலாம். இவர்களுக்கு உண்மையில் வேண்டியது என்ன? இங்கே ஒரு குழி இருக்கிறது. விற்பவர் ‘மக்களின் தேவை’ என்று சொல்வது பல நேரங்களில் அவர் கிடங்கில் தேங்கிக் கிடக்கும் சரக்கின் மறுபெயர். இதை நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. கூட்டங்களில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இந்தக் காலாண்டில் எது விற்க வேண்டுமோ, அது திடீரென்று வாடிக்கையாளரின் அடிப்படைத் தேவையாகிவிடும்.

அதனால் வலப்பக்கத்தில் எழுதும் ஒவ்வொன்றையும் மூன்று சல்லடையில் சலியுங்கள். இதை நாம் விற்காமல், வேறு யாரோ விற்றாலும் இவருக்கு இது தேவை என்று சொல்வேனா? ஆறு மாதம் கழித்து இவர் என்னைச் சந்தித்தால், “நல்லவேளை அன்று சொன்னீர்கள்” என்பாரா? இது இல்லாவிட்டால் இவருக்கு நேரும் இழப்பை என்னால் ஒரு வரியில், மிகைப்படுத்தாமல் சொல்ல முடியுமா? மூன்றில் ஒன்றில் நின்றுபோனாலும் அதை அடித்துவிடுங்கள்.

என் வலப்பக்கத்தில் முதலில் பதினோரு வரிகள் இருந்தன. சலித்த பிறகு இரண்டு மிஞ்சின. வேலை முடிந்த அன்றே அதைப் பதிவுசெய்வது, தொழில் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் பிரித்துவைப்பது. மற்ற ஒன்பதும் மென்பொருளில் இருந்த வசதிகள். யாருடைய தேவையும் அல்ல.

பாலம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

இந்த வழிகாட்டியில் எதையாவது மெதுவாகப் படிப்பதென்றால் இந்தப் பகுதியைப் படியுங்கள். கேட்டதையும் வேண்டியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டால் வேலை முடிந்துவிடாது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஆள் நடந்துபோக வழி வேண்டும். அந்த வழி பெரும்பாலும் மூன்று விதமாக அமைகிறது.

முதல் விதத்தில், கேட்டதை அடைய வேண்டுமானால் வேண்டியதைக் கடந்துதான் போக முடியும். மின்வேலைக்காரரின் கதை இதுதான். யார் பணம் தரவேண்டும் என்ற பட்டியல் அவருக்கு ஆசை. அந்தப் பட்டியல் சரியாக இருக்க வேண்டுமானால் ஒவ்வொரு வேலையையும் முடிந்த அன்றே பதிவுசெய்தாக வேண்டும். அதாவது நான் ஐந்து நன்மைகளாகப் பட்டியலிட்டுத் தோற்ற அதே தினசரிக் கணக்கு. கைப்பேசியில் அழகாகப் படம் எடுக்க ஆசைப்படுபவர் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று பார்க்கப் பழகாமல் தப்ப முடியாது. வெளிநாட்டுக்காரரிடம் சரளமாகப் பேச ஆசைப்படுபவர் சொற்களை மனத்தில் ஏற்றாமல் பேச முடியாது. இப்படி அமைந்துவிட்டால் உங்கள் அதிர்ஷ்டம். வற்புறுத்த வேண்டிய அவசியமே இராது.

இரண்டாவது விதத்தில், வேண்டியது கேட்டதற்குள்ளேயே கரைந்திருக்கும். தேனில் குழைத்த மருந்து. பற்பசையின் வரலாறு இதற்கு நல்ல பாடம். அமெரிக்க விளம்பரக்காரரான கிளாட் ஹாப்கின்ஸ், பெப்சோடென்ட் பற்பசைக்கு விளம்பரம் எழுத வந்தபோது பல் மருத்துவ நூல்களைப் படித்துப் பார்த்தார். பல்லின்மேல் படியும் ஒரு படலம் அவர் கண்ணில் பட்டது. பல்நோய் வரும், பல் விழும் என்று பயமுறுத்துவதை விட்டுவிட்டு, அந்தப் படலத்தை நீக்கினால் பல் அழகாகும் என்று அவர் எழுதத் தொடங்கினார். வருமுன் காப்பதற்குச் செலவழிக்க மக்களுக்கு மனம் வருவதில்லை, அழகுக்கு வரும் என்பது அவர் கணக்கு. நாக்கால் பல்லைத் தடவிப் பாருங்கள், படலம் தெரியும் என்றார். படித்தவர்கள் தடவிப் பார்த்தார்கள். பற்பசை விற்றது.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. ஹாப்கின்ஸ் கொடுத்தது பெரும்பாலும் கேட்டதை மட்டும்தான். பற்சொத்தையைத் தடுக்கும் ஃப்ளூரைடு பெரிய அளவில் சந்தைக்கு வந்தது 1950களின் நடுவில், ப்ராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தின் கிரெஸ்ட் பற்பசையோடு. அதன் விளம்பரத்தில் வேதியியல் பாடம் முன்வரிசையில் நிற்கவில்லை. பல் மருத்துவரின் அறிக்கையைக் கையில் பிடித்தபடி ஒரு குழந்தை சிரிக்கிறது: அம்மா, சொத்தைப் பல்லே இல்லை! ஒரு தாய் கேட்க விரும்பும் செய்தி அது. 1960இல் அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் அந்தப் பற்பசையின் பயனை அங்கீகரித்தது. அதன் பிறகு விற்பனை எகிறியது. ஆசையைச் சொல்லி அழைத்தார்கள், குழாய்க்குள் அவசியம் இருந்தது, அது வேலை செய்கிறது என்று வெளியாள் ஒருவர் சாட்சி சொன்னார். மூன்றும் சேர்ந்து அமைந்ததைக் கவனியுங்கள்.

மூன்றாவது விதம் கொஞ்சம் கடினமானது. வேண்டியது, கேட்டது கிடைத்த பிறகுதான் புலப்படும். புதுக் கைப்பேசி வாங்கியவருக்குப் படங்களை வேறோர் இடத்தில் நகல் எடுத்துவைக்கும் அவசியம் வாங்கும் நாளில் தோன்றாது. ஆயிரக்கணக்கில் படம் சேர்ந்த பிறகு தோன்றும். இங்கே அவசரப்பட்டால் காரியம் கெடும். அந்த நேரம் வரும்வரை காத்திருந்து, அப்போது பக்கத்தில் நிற்பதுதான் உத்தி.

இந்த மூன்றிலும் அடங்காமல் பாலமே இல்லாத இணைகளும் உண்டு. இடப்பக்கத்தில் ஒன்று, வலப்பக்கத்தில் ஒன்று, நடுவில் வெறும் பள்ளம். அப்போது வலிந்து ஒட்டவைக்காதீர்கள். வேறு ஆசையைத் தேடுங்கள், அல்லது அந்தத் தேவையை வேறு யாராவது விற்கட்டும்.

பாலம் போடாமல் அவசியத்தை நேரடியாகச் சந்தைக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதற்கு மோட்டார் தொழிலில் அடிக்கடி சொல்லப்படும் கதை ஒன்று இருக்கிறது. 1956ஆம் ஆண்டு மாடல்களுக்கு ஃபோர்டு நிறுவனம் பாதுகாப்பை முன்னிறுத்தி விளம்பரம் செய்தது. விபத்தில் நெஞ்சில் குத்தாத ஸ்டீயரிங், எளிதில் திறந்துகொள்ளாத கதவுத் தாழ்ப்பாள், விரும்பினால் இருக்கைப் பட்டை. அந்த ஆண்டு விற்பனையில் போட்டியாளரான செவர்லே முந்தியது. உடனே “பாதுகாப்பு விற்காது” என்ற பேச்சு கிளம்பி, அந்தத் தொழிலில் வெகுகாலம் நிலைத்துவிட்டது. விற்பனை பின்தங்கியதற்கு அந்த விளம்பரம்தான் காரணமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. எனக்கும் முழுச் சம்மதம் இல்லை. பாதுகாப்பு விற்காது என்பதைவிட, கார் வாங்க வருபவன் மனத்தில் விபத்துக் காட்சியை ஓடவிட்டால் அவன் அடுத்த கடைக்குப் போவான் என்று சொன்னால் ஒப்புக்கொள்வேன்.

தலைப்பில் ஆசை, ஆனால் பொய் இல்லாமல்

பாலம் தெரிந்துவிட்டால் எழுதத் தொடங்கலாம். தலைப்பும் முதல் வரியும் இடப்பக்கத்துக்குச் சொந்தம். வலப்பக்கத்துச் சொல் ஒன்றுகூட அங்கே வேண்டாம்.

என் இரண்டாவது மின்னஞ்சல் இந்தப் பாடத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு எழுதியது. “ஒரே நாளில் பாக்கி வசூல்!” என்று தலைப்பிட்டேன். ஏராளமானவர்கள் திறந்தார்கள். உள்ளே நுழைந்து பார்த்தால் மென்பொருள் பட்டியல் போடுகிறது, அவ்வளவுதான். வசூல் செய்துதர அதற்குக் கால் முளைக்கவில்லை. திட்டி வந்த கடிதங்களை நானே உட்கார்ந்து படித்துப் பதில் எழுதும்படி ஆயிற்று. நியாயமான தண்டனைதான்.

மூன்றாவது மின்னஞ்சலின் தலைப்பு ஒரு கேள்வி: “உங்களுக்கு வரவேண்டிய பணம் யார் யாரிடம் நிற்கிறது?” இதில் வாக்குறுதி என்று பார்த்தால் ஒன்றே ஒன்று. யாரிடம் நிற்கிறது என்று தெரியவரும். அதை எங்களால் கொடுக்க முடியும், அன்றைக்கே கொடுக்க முடியும். தலைப்பை எழுதியதும் நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டியது இதுதான்: இதை நம்பி வருபவருக்கு, வந்த முதல் அமர்விலேயே, இதில் சொன்னது முழுதாகக் கிடைக்குமா? கிடைக்காது என்றால் தலைப்பைக் குறைத்து எழுதுங்கள்.

கேட்டதை முதலில் கொடுங்கள், முழுதாகக் கொடுங்கள்

ஆளை அழைத்துவந்துவிட்டோம் என்ற தைரியத்தில் பலர் இங்கே பிரசங்கத்தைத் தொடங்கிவிடுவார்கள். “உங்கள் பட்டியலைப் பார்ப்பதற்கு முன்பு, கணக்கு வைப்பதன் முக்கியத்துவத்தைப் பற்றிச் சில வார்த்தைகள்…” வந்தவர் வாசலோடு திரும்பிவிடுவார். இன்னொரு தடவை கூப்பிட்டால் வரவும் மாட்டார்.

அந்த மூன்றாவது மின்னஞ்சலின் உள்ளடக்கத்தை அப்படியே தருகிறேன். சின்னதுதான்:

“கடைசியாக நீங்கள் முடித்துக்கொடுத்த ஐந்து வேலைகளை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் யாருக்கு, எவ்வளவுக்கு, எந்தத் தேதியில் பில் கொடுத்தீர்கள் என்று உள்ளிடுங்கள். பணம் வந்துவிட்டவற்றை அடித்துவிடுங்கள். மிஞ்சி நிற்பதுதான் உங்கள் பாக்கிப் பட்டியல். கீழே ஒரு நினைவூட்டுக் கடிதம் இருக்கிறது. பெயரையும் தேதியையும் மாற்றி இன்றே அனுப்பலாம்.”

நினைவூட்டுக் கடிதம் மரியாதையாக, மூன்று வரிகளில் இருந்தது. அதை நாங்கள் முதலில் சேர்க்கவில்லை. பட்டியல் கிடைத்தால் போதும் என்று நினைத்தோம். பிறகு இடப்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தபோது, பணம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்று பலர் வேறு வேறு சொற்களில் சொல்லியிருந்தது கண்ணில் பட்டது. ‘முழுதாகக் கொடுங்கள்’ என்பதன் பொருள் இதுதான். பட்டியலோடு நிறுத்தியிருந்தால் பாதிதான் கொடுத்திருப்போம்.

இதில் தினசரிக் கணக்கு என்ற சொல்லே இல்லை. ஆனால் ஐந்து வேலைகளை உள்ளிட்டவர் தமக்குத் தெரியாமலேயே பேரேட்டின் முதல் ஐந்து வரிகளை எழுதிவிட்டார்.

வேண்டியதைச் சிறு அளவில், சரியான நேரத்தில்

அடுத்த நாள் மாலை ஒரு குறுஞ்செய்தி போனது: “இன்று ஏதாவது வேலை முடித்தீர்களா? அதையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டால், பிறகு நினைவில் தேட வேண்டியிருக்காது.” இவ்வளவுதான் நாங்கள் கொடுத்த அவசியத்தின் முதல் தவணை.

இதில் மூன்று விஷயங்களைக் கவனித்திருப்பீர்கள். செய்யச் சொன்னது ஒரே ஒரு காரியம். அது ஏற்கெனவே அவர் கையில் இருக்கும் பட்டியலின் தொடர்ச்சி. காரணமாகச் சொன்னது அவருடைய காரணம். எங்களுக்குத் தெரிந்த கணக்கியல் காரணம் எதுவும் அதில் வரவில்லை. ‘கணக்கு எழுதும் பழக்கத்தை வளர்த்துக்கொள்ளுங்கள்’ என்று எழுதியிருந்தால் பள்ளிக்கூட வாசனை அடித்திருக்கும்.

நேரம் பற்றியும் ஒரு வார்த்தை. நாங்கள் முதலில் காலையில் அனுப்பினோம். காலையில் யாரும் வேலையை முடித்திருக்க மாட்டார்கள் என்ற எளிய விஷயம் எங்களுக்கு உறைக்கச் சில நாட்கள் பிடித்தன.

தொழில் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் பிரித்துவைக்கும் இரண்டாவது அவசியத்தை நாங்கள் பல வாரங்கள் தொடவே இல்லை. பாக்கி வசூலாகி, கையில் பணம் வந்து, அது எங்கே போனதென்று தெரியாமல் ஒருவர் விழிக்கும் வரை அந்தப் பேச்சுக்கு இடமில்லை. முன்பு சொன்ன மூன்றாவது விதப் பாலம் இது.

எதை அளப்பது

எத்தனை பேர் வந்தார்கள் என்று மட்டும் அளந்தால், நீங்கள் கேட்டதை மட்டுமே கொடுப்பவராக மாறிப்போவீர்கள். எத்தனை பேர் முழுப் பாடத்தையும் முடித்தார்கள் என்று மட்டும் அளந்தால், வாசலில் ஆளே இல்லாததைக் கவனிக்க மாட்டீர்கள். இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்று இடப்பக்கத்துக்கு: அழைப்பைக் கேட்டு வந்தவர்கள், கேட்டதைப் பெற்றவர்கள். மற்றது வலப்பக்கத்துக்கு: அவர்களில் எத்தனை பேர் வேண்டியதை ஒருமுறையாவது தாமாகச் செய்தார்கள். எங்கள் விஷயத்தில், குறுஞ்செய்தி போகாத நாளிலும் பதிவு போட்டவர்கள் எத்தனை பேர் என்பதுதான் நாங்கள் பார்த்த இரண்டாவது எண்.

எண்ணைவிடக் கண்ணால் பார்ப்பது மேல் என்று சொல்வேன். இதைச் சிறப்பாகச் செய்தவர்கள் விளம்பரக்காரர்கள் அல்ல, அமெரிக்கத் தொலைக்காட்சிக்காரர்கள். பள்ளிக்குப் போகும் முன் குழந்தைகளுக்கு எழுத்தும் எண்ணும் கற்றுத்தர, ‘செசமி ஸ்ட்ரீட்’ நிகழ்ச்சி 1969 நவம்பரில் தொடங்கியது. குழந்தைகள் கேட்பது வேடிக்கை, அவர்களுக்கு வேண்டியது எழுத்து. நிகழ்ச்சி ஒளிபரப்பாவதற்கு முன்பே எட்வர்ட் பாமர் என்ற ஆய்வாளர் ஒரு சோதனை செய்தார். தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு திரையை வைத்து, சில விநாடிகளுக்கு ஒருமுறை மாறும் படங்களை அதில் ஓடவிட்டார். குழந்தையின் கண் எந்த நொடியில் நிகழ்ச்சியை விட்டு அந்தப் படங்களுக்குத் தாவுகிறது என்று குறித்துக்கொண்டார்கள்.

ஒளிபரப்புக்கு முன் அதே ஆண்டு ஜூலையில் ஃபிலடெல்ஃபியா நகரத்தில் சோதனை நிகழ்ச்சிகளைக் காட்டிப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. பொம்மைகள் வரும்போது பார்த்த குழந்தைகள், நிகழ்ச்சியின் களமான தெருவில் பெரியவர்கள் மட்டும் பேசும் காட்சிகளில் கவனத்தை இழந்தார்கள். கற்பனைப் பாத்திரங்களையும் நிஜ மனிதர்களையும் கலக்கக் கூடாது என்று நிபுணர்கள் சொல்லியிருந்ததால்தான் அப்படிப் பிரித்து எடுத்திருந்தார்கள். தயாரிப்பாளர்கள் அந்த அறிவுரையை ஒதுக்கிவிட்டு, பிக் பேர்ட், ஆஸ்கர் போன்ற பொம்மைப் பாத்திரங்களைத் தெருவுக்குள்ளேயே கொண்டுவந்தார்கள். பாடத்தைக் குறைக்கவில்லை. பாடம் நடக்கும் இடத்துக்கே வேடிக்கையை வரவழைத்தார்கள்.

இரண்டாவது திரையை வைத்துப் பார்க்க உங்களுக்கு வசதி இராது. இரண்டு மூன்று பேரை உட்காரவைத்து, நீங்கள் எழுதியதைப் படிக்கச் சொல்லிவிட்டு, பேசாமல் பக்கத்தில் இருங்கள். கண் எந்த வரியில் கைப்பேசிப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். அநேகமாக அது வலப்பக்கத்து வரியாக இருக்கும். அந்த வரியை வெட்டிவிட வேண்டியதில்லை. அதன் மேலே கீழே இருக்கும் ஆசையை அதற்குள் இறக்க முடியுமா என்று பாருங்கள்.

கொடுக்கவே கூடாத ஆசைகள்

கேட்டால் கொடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு வாரத்தில் உடல் மெலிய வேண்டும், உழைக்காமல் பணம் பெருக வேண்டும், தேர்வுக்குப் படிக்காமல் தேற வேண்டும். இந்த ஆசைகளும் இடப்பக்கத்தில் நிச்சயம் வந்து விழும், அதுவும் பெரிய எழுத்தில். இவற்றை வைத்து அழைத்துவந்து, “உள்ளே நல்லதைத்தானே கொடுக்கிறோம்” என்று சமாதானம் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பொய்யைக் கேட்டு வந்தவர் உள்ளே இருக்கும் உண்மையையும் பொய்யாகத்தான் பார்ப்பார். இவற்றைக் கோடு போட்டு அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள்.

எங்கள் நோட்டிலும் அப்படி ஒன்று இருந்தது: வருமானத்தைக் குறைத்துக் காட்ட வழி உண்டா? கேட்டவர்கள் ஒருவர் இருவர் அல்லர். அதற்கு விளம்பரம் எழுதியிருந்தால் கூட்டம் குவிந்திருக்கும்.

புத்தகத்தை மூடிவிடாதீர்கள்

இடப்பக்கம் ஒருமுறை எழுதி முடிப்பதல்ல. ஆசைகள் மாறிக்கொண்டே இருக்கும், உங்களிடம் வந்த பிறகு இன்னும் வேகமாக மாறும். மாதம் ஒருமுறையாவது பழைய வாடிக்கையாளர்களின் குரலைக் கேட்டு எழுதுங்கள். புதியவர்கள் கேட்பதும் பழையவர்கள் கேட்பதும் ஒன்றாக இராது. இரண்டையும் ஒரே மின்னஞ்சலில் திணித்தால் இருவருக்கும் பிடிக்காது.

அந்த மின்வேலைக்காரர் பல மாதங்கள் கழித்து மறுபடி அழைத்தார். பாக்கிப் பட்டியலைப் பற்றிப் பேச்சே இல்லை. “சார், போன வருடம் எந்த மாதங்களில் எனக்கு வேலை குறைவாக இருந்தது என்று இதில் பார்க்க முடியுமா? அந்த மாதங்களுக்கு இப்போதே கொஞ்சம் எடுத்துவைக்கலாம் என்று நினைக்கிறேன்” என்றார். பார்க்கலாம், ஆனால் எல்லா வேலையும் பதிவாகியிருக்க வேண்டுமே என்றேன். “அதெல்லாம் அன்றன்றைக்கே போட்டுவிடுகிறேனே” என்றார், நான் ஏதோ புரியாமல் பேசுகிறேன் என்பதுபோல.

அவர் கேட்டதை எழுத நோட்டைத் திறந்தேன். பழக்கதோஷத்தில் பேனா வலப்பக்கத்துக்குப் போனது. பிறகு அவர் அழைத்துக் கேட்டதாயிற்றே என்று இடப்பக்கத்தில் எழுதினேன்.